பரணில் இருவர்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லசானா தன் கைபேசியைப் பலகையின்மேல் கவிழ்த்து வைத்தான். ஆறு ஆண்டுகள் அவனோடு ஒரே நடுக்களத்தில் ஓடியவன் நான். அவன் மூச்சு வாங்கும் விதத்தைக் கொண்டே இன்னும் எத்தனை நிமிடம் தாங்குவான் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்து அன்றுவரை பார்த்ததில்லை.

"யாருடா போன்ல?"

"என் பொண்டாட்டி."

"பொண்டாட்டி போனை எதுக்குக் கவுத்து வைக்கற?"

"வீடியோல கூப்பிடுவா. காலங்காத்தால உன் மூஞ்சியப் பாத்தா பயந்துருவா மச்சான், அதான்."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் கண்ணைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

புல்வெட்டும் இயந்திரங்கள் நிற்கும் கொட்டகையை ஒட்டியது எங்கள் அறை. கெர்மோர் அணியின் முதல் குழுவுக்கு வெந்நீரும் கணப்பும் உள்ள பெரிய கூடம்; எங்களுக்கு இரண்டு கொக்கி, ஒரு பலகை, பெட்ரோல் நாற்றம். இதற்குப் பிரெஞ்சுக் கால்பந்தில் பரண் என்று பெயர். வேண்டாத சாமானைப் பரணில் ஏற்றுவதுபோல வேண்டாத ஆட்டக்காரனை ஏற்றிவிடுவார்கள். எனக்கும் லசானாவுக்கும் ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு இருந்தது. நீக்கினால் ஈடு கொடுக்க வேண்டும், எனவே நீக்கமாட்டார்கள். பின்புற மைதானத்தில் தனியே ஓடவிட்டு, எவனும் பேசாமல், எவனும் அழைக்காமல், அவனாகவே மனம் ஒடிந்து விலகல் கடிதத்தில் கையெழுத்திடும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். அடிப்பதில்லை, ஏசுவதில்லை, எதிரே கண்டால் புன்னகைக்கவும் செய்வார்கள். கொடுமைக்கு இவ்வளவு கச்சிதமான கோட்டும் கழுத்துப்பட்டியும் தைத்துக் கொடுத்தவன் யார் என்று நான் வியந்ததுண்டு. எங்களுடன் மூன்றாவதாக ஏற்றப்பட்ட கோல்காப்பாளன் பதினோராம் நாளில் கையெழுத்திட்டுவிட்டுப் போனான்.

நான் பதினான்காம் வயதில் பயிற்சி மையத்தின் விடுதியில் சேர்ந்தவன். பத்தொன்பதில் முதல் ஆட்டம் ஆடியவன். முந்நூற்றுப் பதினொரு ஆட்டங்கள், ஒன்பது கோல்கள், ஒரே முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. கோல் அடித்தவனுக்கு ஆரவாரம், கோட்டைவிட்டவனுக்கு வசை, இருவருக்கும் நடுவே ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்கிக் கொடுத்தவனுக்கு மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரிகூட இராது. அதற்காக நான் வருந்தியதில்லை. பந்து வருமுன் திரும்பிப் பார், எவன் பின்னால் வருகிறான் என்று அறி: இதைத்தான் இருபது ஆண்டுகள் எனக்குக் கற்பித்தார்கள். நடுக்களக்காரனுக்குச் சந்தேகம் குணமன்று, தொழில். இப்போது வயது முப்பத்து நான்கு. இந்தப் பருவம் ஆடாமல் போனால் எந்த அணியும் என்னை அழைக்காது. நான் ஆட்டக்காரனாக முடியப் போகிறேனா, கொட்டகைச் சாமானாக முடியப் போகிறேனா என்பதே கேள்வி.

விதி எங்கள் பக்கம் இருந்தது. வீரர்களை வாங்கவும் விற்கவும் உரிய காலம் ஆகஸ்டோடு முடிந்தபின் எவரையும் குழுவிலிருந்து பிரித்து வைக்கக் கூடாது. ஆனால் விதி மட்டும் இருந்தால் போதாது. மீறப்படுவதைக் கண்டு எழுதச் சாட்சி வேண்டும். எங்கள் வழக்கறிஞர் அதற்கு வழி சொன்னார். நீதிமன்ற அமீனா ஒருவர் செவ்வாய் காலை பத்து மணிக்கு வந்து, வேலியோரம் பயிற்சியை வேடிக்கை பார்க்கும் ஓய்வூதியக்காரர்களோடு ஒருவராக நிற்பார். நாங்கள் இருவர் மட்டும் பின்புறத்தில் ஓடுவதைக் கண்டு எழுதி முத்திரை இடுவார். அந்தத் தாள் போதும், எங்களைக் குழுவில் சேர்க்கும்படி கால்பந்து லீக் நிர்வாகம் ஆணையிடும். வெள்ளிக்கிழமையே அந்த அம்மையாரை வழக்கறிஞரின் அறையில் சந்தித்தோம். செய்தி அறிந்தவர்கள் நால்வர்: வழக்கறிஞர், அமீனா, நான், லசானா.

செவ்வாய்க்கிழமை தூறலாக இருந்தது. காலையில் வந்ததும் கண்ணில் பட்ட ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பது எங்கள் ஊர் மைதானங்களின் வழக்கம். பயிற்சியாளர் முதல் புல்வெட்டுபவர்வரை ஒருவரையும் விடக் கூடாது. விட்டால் பகை என்று பொருள். பரணுக்குப் போன பிறகு முதல் குழுவினர் பலர் எனக்குக் கை கொடுப்பதை நிறுத்திவிட்டனர். ஆகவே நான் ரோஷத்தோடு வேலிவரை போய், குடைபிடித்து நின்ற கிழவர்கள் அனைவருக்கும் கை கொடுத்துவிட்டு வருவேன். அன்றும் கொடுத்தேன். வரிசையின் கோடியில் சாம்பல் நிற மழைக்கோட்டில் அமீனா நின்றிருந்தார். லசானா எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் உதவிப் பயிற்சியாளர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"எர்வான்! லசானா! அங்க தனியா என்னப்பா பண்றீங்க? வாங்க வாங்க, இன்னைக்கு எல்லாரும் ஒண்ணாத்தான்."

ஏழு வாரங்களுக்குப் பிறகு எங்கள் கையில் ஆரஞ்சு நிறப் பயிற்சிச் சட்டைகளைத் திணித்தார்கள். முதுகில் தட்டினார்கள். பந்து கொடுத்தார்கள். ரூவியே என்னும் விளையாட்டு இயக்குநர் கறுப்புக் குடையின் கீழ் நின்று கைதட்டினார். பயிற்சி முடிந்ததும் என் தோளில் கை போட்டார்.

"பாத்தியா தம்பி? நாமெல்லாம் ஒரே குடும்பம். வீட்டு விஷயத்தை வெளிய கொண்டுபோகலாமா?"

அன்று மாலை வழக்கறிஞர் அந்தத் தாளைப் படித்துக் காட்டினார். "இரு வீரர்களும் முழுக் குழுவுடன் பயிற்சி பெறக் கண்டேன்." எங்களுக்காக எழுதப்பட்ட தாள் எங்களுக்கே எதிரான ஆயுதமாயிற்று. புதன்கிழமை காலை மீண்டும் கொட்டகை, மீண்டும் இரண்டு கொக்கி.

யார் சொன்னது? வழக்கறிஞர் சொல்லியிருக்க முடியாது. அமீனா தன் பதவியைப் பணயம் வைக்கமாட்டார். மீதி ஒருவன்தான். கவிழ்ந்த கைபேசி நினைவுக்கு வந்தது. லசானாவுக்கு மூன்றாவது குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருந்தது. இளையோர் பயிற்சி மையத்தில் அவனுக்கு இடம் பேசுகிறார்கள் என்று கோல்காப்பாளன் போகும்போது சொன்னதும் நினைவுக்கு வந்தது. அன்று நண்பகலில் வண்டி நிறுத்துமிடத்தில், காகிதக் கோப்பையில் காப்பி குடித்தபடி ரூவியேயும் லசானாவும் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். இயக்குநர் சிரித்தார். லசானா தலையசைத்தான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. முத்திரை ஒன்றுதான் குறை.

வியாழன் மதியம் உணவுக்கூடத்தில், முதல் குழு முழுதும் அமர்ந்திருக்க, அவன் தட்டின் எதிரே போய் நின்றேன்.

"என்னடா குடுத்தான் ரூவியே உனக்கு? சின்னப் பசங்களுக்கு விசில் ஊதற வேலையா?"

முள்கரண்டிகளின் ஓசை அடங்கியது.

"உக்காந்து பேசு மச்சான்," என்றான் லசானா.

"மச்சானா? என்னை வித்துட்டு மச்சான் வேறயா? எவ்வளவுக்குப் போனேன்னாவது சொல்லுடா."

பின்வரிசையில் எவனோ சிரித்தான். "பரண்ல எலி சண்டைடோய்!" என்றான் இன்னொருவன்.

லசானா என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வாயைத் துடைத்து, துணியை மடித்துத் தட்டருகே வைத்தான்.

"நீ கேள்வி கேக்கல எர்வான். தீர்ப்பு சொல்ற. தீர்ப்புக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எழுந்து போனான். வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கொக்கி வெறுமையாக இருந்தது. முந்திய மாலையே விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டான் என்று ஜோசெத் சொன்னாள். இருபத்தாறு ஆண்டுகளாக அணியின் துணிகளை வெளுப்பவள் அவள். முதல் குழுவினரைவிட எங்களுக்கு நல்ல துவாலை தருவதே அவள் செய்த புரட்சி.

"போகட்டும். துரோகி," என்றேன்.

ஜோசெத் கூடையைத் தரையில் வைத்தாள்.

"வாயக் கழுவு கண்ணு. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினான் அவன். அதுக்காக இதையும் கேட்டுட்டு நிக்க என்னால முடியாது. செவ்வாக்கிழமை வேலிகிட்ட அந்தம்மாவுக்குக் கை குடுத்தியே, என்ன சொல்லிக் குடுத்த?"

"என்ன சொல்வாங்க? வணக்கம்னு சொன்னேன்."

"வணக்கம் மேத்ருன்னு சொன்ன. கணீர்னு சொன்ன. நான் சட்டைக் கூடையோட பின்னாலதான் நின்னேன். ரூவியேவோட டிரைவர் கிழவங்களோட நின்னு சிகரெட் பிடிச்சிட்டிருந்தான். சிகரெட்டைக் கீழ போட்டுட்டு ஓடினான் பாரு ஓட்டம், நீ கூட அந்த வேகத்துல ஓடி நான் பாத்ததில்ல."

வழக்கறிஞர், நீதிமன்ற அமீனா போன்ற சட்டத் தொழிலரைத் தவிர இந்நாட்டில் வேறெவரையும் மேத்ர் என்று விளிப்பதில்லை. அவர்களை அப்படி விளிக்காமல் விடுவதும் இல்லை. முந்திய வெள்ளிக்கிழமை வழக்கறிஞரின் அறையில் அப்படித்தான் வணங்கினேன். செவ்வாயன்று என் கையும் நாவும் தாமாகவே அந்த மரியாதையைச் செய்து முடித்திருக்கின்றன. கை கொடுக்காதவர்களுக்குப் பாடம் புகட்டப் போனவன், என் மரியாதையாலேயே என்னைக் காட்டிக்கொடுத்தேன்.

"லசானாவுக்குத் தெரியுமா?"

"உன் பின்னாலதானே வந்தான்? காதுல விழாமலா? 'எர்வானுக்குத் தெரிஞ்சா தன்னையே தின்னுருவான் ஜோசெத், சொல்லிராத'ன்னான். இப்ப நீ அவனைத் தின்னுட்ட."

சுவரில் சாய்ந்தேன். ஆனாலும் என் உள்ளத்தின் இழிவைக் கேளுங்கள். அந்த நிலையிலும் என் நாவில் எழுந்த முதற்சொல் மன்னிப்பாக இல்லை.

"அப்ப ரூவியேவோட காப்பி குடிச்சது எதுக்கு?"

ஜோசெத் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியாது. போய் அவனையே கேளு, உனக்கு வாய் இருந்தா."

கேட்க அழைத்தேன். பதினாறு முறை அழைத்தேன். எதிர்முனையில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தக் காப்பியில் எனக்காக மன்றாடினானா, தனக்காக விலை பேசினானா? இரண்டையும் மாறி மாறி நம்பினேன். எதை நம்பினாலும் நெஞ்சு குளிரவில்லை.

அடுத்த செவ்வாய், வழக்கறிஞர் எனக்கும் சொல்லாமல் அமீனாவை அனுப்பினார். அன்று வேலியோரம் கிழவர்கள் எவரும் இல்லை, மழை வலுத்திருந்தது. முதல் குழு தொலைவில் சிரிப்பும் கூச்சலுமாக ஆடிக்கொண்டிருந்தது. அவரும் வேலியோரம் நிற்கவில்லை. பின்புற மைதானத்தை நோக்கியே நேராக நடந்து வந்தார். நான் ஒரு பந்தோடு ஓடிக்கொண்டிருந்தேன். அவரைக் கண்டேன். தலையைக்கூட அசைக்கவில்லை.

கம்பி வலைக்கு அப்பால் நின்று, தாளை மழைக்கோட்டுக்குள் மறைத்துப் பிடித்தபடி கேட்டார்:

"ரெண்டு பேர்னு சொல்லியிருந்தாங்க. இன்னொருத்தர் எங்க?"

பந்தின்மீதே கண்ணை வைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்தார். பிறகு எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "வீரர் ஒருவர். தனியாக." எந்த நடுவரும் மறுக்க முடியாத சான்று, நான் ஏழு வாரங்களாக ஏங்கிய தாள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஆகவே நான் ஆட வேண்டியிருந்தது. பந்தைக் காலடியில் நிறுத்தினேன்; தலை நிமிராமலே, ஆறு ஆண்டுகள் லசானா ஓடிவந்த வலப்புறம் தள்ளினேன். அது நனைந்த புல்லில் வெள்ளைக் கோடொன்றைக் கடந்தது, மறு கோட்டையும் கடந்தது, வேகம் குறையாமல் மழைக்குள் உருண்டுகொண்டிருந்தது.