திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமைகள்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆபீஸ்தான் என்னை விட்டபாடில்லை. போன வாரம் காலையில் சுருட்டை கூப்பிட்டாள். எனக்கப்புறம் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள். தலைமுடியைப் பார்த்து நான் வைத்த பெயர், அவள் கோபித்துக்கொள்வதில்லை. சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டதாம், யாருக்கும் மெயில் வரவில்லையாம், எதை அழிப்பதென்று தெரியவில்லையாம். வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவரும் அதே ஆபீஸில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்றவர்களின் மெயில் பெட்டியை எங்கள் ஆபீஸ் மூடுவதில்லை, அந்தப் பெருந்தன்மை அவர்களுக்கு உண்டு. மகனையும் இவர்தான் அந்த ஸ்டோரில் சேர்த்துவிட்டார். நாலு வருஷத்துக்கு முன் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை உதறிவிட்டு வெளியூர் கிளம்பினான். "இனிமே எங்கிட்ட பேசாத" என்று இவர் வாசலில் நின்று சொன்னார். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறதே, அவனும் பேசவில்லை. போன் எனக்குத்தான் வரும். மணி அடித்ததும் இவர் பின்னறைக்குப் போய்விடுவார். பேசி முடித்த பிறகு வந்து, "நாலு வரி எழுதினா அவனுக்குக் கை தேஞ்சிடுமா?" என்பார். ஏதோ வீம்பு என்று நானும் விட்டுவிடுவேன்.

ஆபீஸில் சுருட்டை பக்கத்தில் நாற்காலி போட்டாள். இடத்தை எது அடைத்திருக்கிறது என்று தேடினோம். ஒரே ஒரு ஃபோல்டர், பூதம் மாதிரி ஊதியிருந்தது. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அது நான் செய்த வேலை. ஒரு மெயில் போய்ச் சேராவிட்டால் சர்வர் அதைத் தகவலோடு அனுப்பியவருக்கே திருப்பும். அந்தத் தகவல் ஒன்றும் புரியவில்லை, தினமும் தொல்லை என்று ஆபீஸே என்னைப் பிடுங்கியெடுத்தது. சரி, ஒழியட்டும் என்று எல்லாவற்றையும் இந்த ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டிருந்தேன். மாதம் ஒருமுறை நானே பார்த்துச் சொல்வதாகத் திட்டம். எங்கே பார்த்தேன்!

யாருடையது அதிகம் என்று பட்டியல் எடுத்தாள். மேலே என் வீட்டுக்காரர் பெயர். நூற்று நாற்பத்தொன்று. எல்லாம் ஞாயிறு காலை, நான் காய்கறி வாங்கப் போகிற நேரம். எல்லாம் மகனுக்கு. அவன் முதலில் சேர்ந்த கம்பெனியின் மெயில் விலாசம் அது. அங்கிருந்து அவன் விலகி மூன்று வருஷமாகிறது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று ஒவ்வொன்றும் திரும்பியிருந்தது. பழைய விலாசத்தை வீட்டு டைரியில் எழுதி வைத்தவள் நான். புதியதை என் போனில் மட்டும் போட்டுக்கொண்டவளும் நான்தான்.

நான் மேலுறையைப் பார்ப்பேனே தவிர, யாருடைய கடிதத்தையும் பிரித்ததில்லை. தலைப்பு மட்டும் கண்ணில் பட்டது. மழை. உன் சைக்கிள். அம்மாவுக்கு முழங்கால் வலி. கடைசி இருபதுக்குத் தலைப்பே இல்லை.

"புது விலாசத்தைச் சொல்லுங்க, ஒரு வரி கமாண்ட் போட்டா மொத்தமும் அங்க போயிடும் மேடம். அனுப்பவா?"

கை துறுதுறுத்தது எனக்கு. ஆனால் எழுதினவர் அவர். அந்த மூன்று வருஷத்தில் எந்த வாரம் என்ன கோபத்தில் எழுதினாரோ. வேண்டாம், அவருடைய பெட்டியிலேயே போடு என்றேன். அந்தத் திருப்பிவிடும் விதியையும் என் கையாலேயே எடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து புது விலாசத்தை எழுதி அவர் முன்னால் வைத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

"அப்ப அவன் ஒண்ணுகூட படிக்கலையா?"

"ஒண்ணுகூட போய்ச் சேரலைங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "படிச்சிட்டுத்தான் பேசாம இருக்கான்னு நெனச்சேன்" என்றார்.

ஞாயிறு வரை அவர் காத்திருக்கவில்லை. அப்போதே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். நான் எழுந்து போகப் பார்த்தேன், இரு என்றார். அனுப்பிவிட்டு, "திரும்பி வந்துடுச்சான்னு பாரு" என்றார்.

பார்த்தேன். வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். வரவில்லை. எங்கள் தொழிலில் ஒன்றும் திரும்பாவிட்டால் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அதைச் சொன்னேன். தலையாட்டினார்.

அப்போது என் போன் அடித்தது. மகன். இவர் வழக்கம்போல எழுந்தார்; பின்னறை வாசல் வரை போய், அங்கேயே நின்றார்.