க்ளோவிஸ் டார்வர் கொலை

அலோன்சோ சித்தப்பா அந்த ஆளின் பிடரியைப் பிடித்துத் தலையை வண்டிக் கதவில் மோதிய சத்தம் தேவாலயத்தின் நிலவறை வரைக்கும் கேட்டது. வெர்லீன் கையில் கோழித் தட்டோடு படியேறி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு தடவையும் மோதியாகிவிட்டது. வண்டிக் கண்ணாடி நொறுங்கித் தரையெல்லாம் கிடந்தது. அப்பாவைக் குழியில் இறக்கிவிட்டு வந்த சனம் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தது.

"சித்தப்பா, விடுங்க! யாரது?"

"யாரா? உங்கப்பனைக் கொன்னானே லெமுவேல், அவன் தம்பி. எல்லிஸ். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு துக்கம் கேக்க வந்திருக்கான் துரை."

வெர்லீன் தட்டை வண்டியின் மேல் வைத்தாள். பிறகு, கீழே சரிந்து கிடந்தவனின் விலாவில் உதைத்தாள். சாவுக்கென்று வாங்கிய கூர்முனைக் கறுப்புச் செருப்பு. முப்பத்து நான்கு வயதில் அவள் யாரையும் அடித்தது அதுதான் முதல் தடவை. கால் தானாக மறுபடி ஓங்கியது. மறுபடியும்.

செய்தி சேகரிக்க வந்து வேலியோரம் நின்ற செய்தித்தாள்காரப் பெண் செல்ஃபோனை உயர்த்திப் படம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெர்லீனின் அப்பா க்ளோவிஸ் டார்வர் கொத்தனார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வடக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வீடாகக் காலியாக ஆரம்பித்ததும் கட்டுகிற வேலை நின்றுபோனது. அவர் உளியை எடுத்துக்கொண்டு அந்தக் காலி வீடுகளுக்குப் போனார். ஒரு வீட்டில் யார் யார் குடியிருந்தார்களோ அவர்களின் முகங்களை அந்த வீட்டுச் சுவரிலேயே செதுக்கினார். ஆள் உயரத்துக்கு, அசல் செங்கல்லில். அத்துமீறி நுழைந்ததாகச் சொல்லி இரண்டு தடவை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. விட்டதும் நேரே அடுத்த சுவருக்குப் போனார்.

அதே சுவர்கள் செங்கல் திருடர்களுக்கும் வேண்டியிருந்தன. வீட்டுக்குத் தீ வைப்பார்கள். தீயணைப்பு வண்டி அடிக்கிற தண்ணீரில் சுண்ணாம்பு இளகும். மறுநாள் இரும்புக் கயிறு கட்டி லாரியால் இழுத்தால் சுவர் மொத்தமாக விழும். பழைய செங்கல்லுக்குத் தெற்கே பணக்காரர்களிடம் நல்ல விலை. போன வாரம் லெமுவேல் கயிறு கட்டிய சுவருக்கு முன்னால் க்ளோவிஸ் போய் நின்றிருக்கிறார். நகரவில்லை. கடப்பாரையால் முகத்தில் ஒரு போடு. விழுந்தவரை இழுத்து அப்புறப்படுத்தக்கூட அவனுக்குப் பொறுமையில்லை. அவர்மேலேயே சுவரைச் சாய்த்தான்.

காலையில் பெட்டியை மூடுமுன் வெர்லீன் அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். நசுங்கிய முகத்துக்கு மெழுகு அப்பியிருந்தார்கள். அவள் விரல் பட்ட இடம் குழிந்துபோனது. பிணத்துக்கு ஒப்பனை செய்தவர் குனிந்து அதைச் சரிசெய்தார்.

அதைவிட மோசமான ஒன்று இடுகாட்டுக்குப் போகிற வழியில் வந்தது. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஒசெல்லா தயங்கித் தயங்கி செல்ஃபோனை நீட்டினாள். "நீயா எங்கயாவது பாக்கறதுக்கு முன்னால நானே காட்டிடறேன்டி."

சனிக்கிழமைகளில் ஒசெல்லாவும் வெர்லீனும் இன்னும் சில பெண்களும் கிளை நூலகத்தில் கூடுவார்கள். இணையக் கலைக்களஞ்சியத்தில் இடம் கிடைக்காத கறுப்பின ஓவியர்கள், சிற்பிகளுக்குப் பக்கம் எழுதுவது அவர்கள் வேலை. பெற்ற அப்பாவைப் பற்றி மகள் எழுதக்கூடாது என்பது களஞ்சியத்தின் விதி. அதனால் வசந்தத்தில் ஒசெல்லா எழுதினாள். மறுநாளே யாரோ அழித்துவிட்டார்கள். 'பத்திரிகைகள் எதுவும் இவரைப் பற்றி எழுதவில்லை. குறிப்பிடத்தக்கவர் அல்லர்.' வெர்லீன் வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தாள். க்ளோவிஸ் காலர்ட் கீரையைக் கிளறிக்கொண்டே, "விடு கண்ணு. சுவரு நிக்குதில்ல," என்றார்.

இப்போது பக்கம் இருந்தது. தலைப்பு: 'க்ளோவிஸ் டார்வர் கொலை'. அடியில் வரிசையாகப் பத்திரிகை ஆதாரங்கள். முதல் வரியில் 'வீடற்றவர்'. இரண்டாவது வரியில் அவர் கைதான கதை. கடப்பாரையின் நீளம்கூட இருந்தது. உளியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"சொந்த வீட்டுல படுத்து எழுந்த மனுஷன்," என்றாள் வெர்லீன்.

"நான் மாத்தினேன். மறுபடி அதையே போட்டுட்டானுங்க. பேப்பர்ல அப்படித்தான் இருக்காம்."

அந்த ஆத்திரம் முழுவதும்தான் இப்போது அவள் காலில் இருந்தது. ஒசெல்லா ஓடிவந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தாள்.

எல்லிஸ் ஒருக்களித்துக் கிடந்தபடி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். நாற்பது வயது ஆள். கையை ஒரு தடவைகூட ஓங்கவில்லை.

"அடிச்சாச்சா? இன்னும் இருந்தா அடிச்சிக்கங்க. நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்."

"நீ என்னடா சொல்றது?" சித்தப்பா அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"நான் செங்கல் மண்டியில கல்லு பிரிக்கிறவன். அன்னிக்கு வந்த லோடை நான்தான் பிரிச்சேன். கல்லுல ரத்தம் இருந்துச்சு. முடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு." புறங்கையால் வாயைத் துடைத்தான். "எங்கண்ணன் பதுங்கியிருந்த எடத்துக்கே போலீஸ் வந்து பிடிச்சுதே, எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனைக்கிறீங்க?"

சித்தப்பாவின் முஷ்டி ஓங்கியபடியே இருந்தது. அது எங்காவது இறங்கியாக வேண்டும் என்பதுபோல அவர் அவன் வாயில் இன்னொரு குத்து விட்டார். பிறகுதான் சட்டையை விட்டார்.

"அதைச் சொல்லத்தான் வந்தியா?" வெர்லீன் கேட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இல்ல. செதுக்கின கல்லை மண்டியில எடுக்க மாட்டாங்க. விலை போகாது. பின்னாடி பள்ளத்துல தள்ளிடுவாங்க. மூக்கு, கண்ணுன்னு அங்க நெறைய கெடக்கு. நாளைக்குப் பள்ளத்தை மூடறாங்க." உடைந்த பல்லை நாக்கால் தள்ளிப்பார்த்தான். "எங்கம்மா மொகமும் அதுல இருக்கு. காஸ் தெருவுல உங்கப்பா செதுக்கினது."

வெர்லீன் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். செய்தித்தாள்காரப் பெண் பின்வாங்கினாள்.

"நான் இதை அழிக்க மாட்டேன், மேடம். என் வேலை இது."

"யாரு அழிக்கச் சொன்னா? நான் உதைச்சதையும் போட்டுக்க. ஆனா இப்ப எங்ககூட வா."

"எங்க?"

"எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு ஊரு பூரா எழுதியாச்சு. என்ன பண்ணாருன்னு நீ வந்து பாரு."

மண்டிக்குப் பின்னால் வெயில் சாய்ந்திருந்தது. பள்ளம் நிறைய உடைந்த செங்கல். வெர்லீன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு சாவு உடுப்போடு உள்ளே இறங்கினாள். பின்னாலேயே சித்தப்பா கோட்டைக் கழற்றாமல் இறங்கினார். எல்லிஸ் விலாவைப் பிடித்தபடி கடைசியாக இறங்கினான். கல் சரிந்து கால்களைக் கிழித்தது. சித்தப்பா அடியோடு பெயர்த்து வீசிய வேகத்தைப் பார்த்தால் தேடுகிறவர் மாதிரி இல்லை, கீழே யாரையோ அடித்துக்கொண்டிருக்கிறவர் மாதிரி இருந்தது.

முதலில் ஒரு காது வந்தது. பிறகு பாதி உதடு. பிறகு நான்கு கற்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு வந்தன. குண்டு கன்னம், மூக்குக்கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்கு மேலே முறைக்கிற ஒரு கண்.

"இது யாரு?" மேலேயிருந்து செய்தித்தாள்காரப் பெண் கேட்டாள்.

"மிஸஸ் ஹாஸ்கின்ஸ். வெள்ளிக்கிழமைல மீன் பொரிச்சு விப்பாங்க. கடன் சொன்னா இப்படித்தான் பாப்பாங்க," என்றாள் வெர்லீன்.

அந்தப் பெண் கலகலவென்று சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டவள்போல வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு படம் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். "ஹாஸ்கின்ஸ்க்கு எழுத்து சொல்லுங்க. எந்தத் தெரு? எந்த வருஷம் செதுக்கினாரு?"

வெர்லீன் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததை சித்தப்பா நிமிராமலே சொன்னார். இன்னும் பெரிய கல்லாகப் பார்த்துப் பிடுங்கினார்.

பள்ளத்தின் விளிம்பில் நின்ற ஒசெல்லா வெர்லீனின் பக்கமாகக் குனிந்தாள். "கேக்கறதுக்கு மட்டும் சொல்லுடி. அவ எழுதட்டும். அவ பேப்பர்ல எழுதினாதான் நம்ம பக்கத்துக்கு ஆதாரம்."

வெர்லீன் தலையாட்டிவிட்டு, கிடைத்த கற்களை மேட்டில் வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். கண்ணோடு கண், வாயோடு வாய். எல்லிஸ் பள்ளத்தில் முழங்காலிட்டு அம்மாவின் நெற்றியைத் தோண்டி எடுத்தான். உள்ளங்கையால் மண்ணைத் துடைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மோவாயிலிருந்து ரத்தம் அந்தக் கல்லின்மேல் சொட்டியது. சட்டை நுனியால் அதைத் துடைத்தான். துடைத்த இடத்தில் மறுபடி சொட்டியது.

அவன் பக்கம் திரும்பாமலே வெர்லீன் கையை நீட்டினாள். கல் கைக்கு வந்தது. ஈரமாக இருந்தது. வரிசையில் வைத்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.