பத்து மணி மண்டபம்

பொருளாதாரப் பேராசிரியையைப் பல்கலைக்கழகப் பதிவாளராக்கினார்கள். அவர் போய்க் கைவைத்த முதல் இடமே குளவிக்கூடு: வகுப்பறை ஒதுக்கீடு. கீழ்த்தள மண்டபம், அதுவும் காலை பத்து மணிக்கு, எல்லாத் துறைகளுக்கும் வேண்டும். வருடாவருடம் யார் தொண்டை பெரிதோ அவர்களுக்கே அது போகும்.

"இந்தத் தடவை கத்தல் கிடையாது. துறைக்கு நூறு புள்ளி. எந்த அறை, எந்த நேரம் வேணுமோ அதுமேல வையுங்க. அதிகம் வச்சவங்களுக்கு அது," என்று அறிவித்தார். இத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியதை நிஜ மனிதர்களிடம் ஓட்டிப் பார்க்கப்போகிறார்! கால் தரையில் பாவவில்லை. திட்டம் கவிழ்ந்தால், "வாத்தியாரம்மாவுக்கு எதுக்கு நிர்வாகம்?" என்று சிரிக்க ஒரு கூட்டமே காத்திருந்தது.

முடிவு வந்தது. வேதியியல்காரர்களுக்கு வாயெல்லாம் பல். மொழித்துறைத் தலைவர் வந்து கைகுலுக்கினார். கதவைத் தள்ளிக்கொண்டு சண்டைக்கு வந்தவர் பொருளாதாரத் துறைத் தலைவர் மட்டும்தான். அவர் பதிவாளரின் வீட்டுக்காரரும்கூட.

"எங்களுக்கு எல்லா வகுப்பும் காலைல எட்டு மணிக்கா?"

"நூறு புள்ளியையும் அதுமேலதானே கொட்டியிருக்கீங்க?"

"எல்லாரும் பத்து மணிக்கு அடிச்சுக்குவாங்க, விவரமானவங்க எட்டு மணிக்குத் தாவுவாங்கன்னு கணக்குப் போட்டோம். அவங்களை முந்தத்தான் நூறையும் வச்சோம்."

"யார் யார் தாவினாங்க?"

"நாங்க மட்டும்தான்."

மற்றவர்கள் வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஊருக்கெல்லாம் போட்டியைப் பாடம் நடத்தும் துறைதான் ஆளே இல்லாத பந்தயத்தில் உயிரைக் கொடுத்து ஓடியிருந்தது. பதிவாளருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்காத. மண்டபத்தை மட்டும் பத்து மணிக்கு மாத்திக் கொடு. நம்ம துறைதானே!"

சிரிப்பு சட்டென்று நின்றது. இவருக்கு மாற்றினால் நாளைக்கே எல்லாத் துறையும் வாசலில் நிற்கும். அத்தோடு திட்டம் காலி.

"முடியாதுங்க."

"முதல் வருஷப் பசங்களுக்குப் பாடம் எடுக்க எட்டு மணிக்கு வர எங்க ஆளுங்க ஒருத்தரும் தயாரா இல்லை. யார் எடுப்பா? நீயா?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதவிக்கு வந்ததிலிருந்து ஒன்பது மணி தொடங்கிப் பொழுது சாயும்வரை கூட்டம், கூட்டம். வகுப்பு என்ற ஒன்றுக்காக ஏங்கிப்போயிருந்தார். எட்டு மணிக்கு எந்தப் புண்ணியவானும் கூட்டம் வைப்பதில்லை!

"நானேதான்," என்றார். சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது.

"நிஜமாவா சொல்ற?"

"ஆமாங்க. உங்களுக்கும் எட்டு மணி வகுப்பு இருக்கில்ல? சேர்ந்தே கிளம்பிடலாம்."