பதினோராயிரம் வகுத்தல் எண்ணூற்றைம்பது

அப்பா பஸ் டிப்போவில் முப்பத்திநாலு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். உலகத்திலுள்ள எல்லா வண்டியும் அவருடைய டிப்போ கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று இன்னமும் நம்புகிறார். அவரோடு குப்பை கொட்ட வேண்டும் என்பது என் தலையெழுத்து.

அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். "சின்னவ மூஞ்சியப் பாக்காம உள்ள போக மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். ஆறு வருஷத்துக்கு முன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளிநாடு போன தங்கை, விஷயம் தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டாள். "புதன் ராத்திரி எட்டு மணிக்கு ஏறுறேன்பா, நேரா வர்ற ப்ளேன்" என்று போனில் சொன்னாள். போதாதா, அப்பா நோட்டை எடுத்துவிட்டார். தூரம் பதினோராயிரம் கிலோமீட்டர், வேகம் எண்ணூற்றைம்பது. வகுத்தால் பதின்மூன்று மணி நேரம். ஆக, வியாழன் காலை ஒன்பதுக்கு இறங்கிவிடுவாள். யாரையும் கேட்காமல் டாக்டரிடம் போய் அன்றைக்கே பதினொரு மணிக்கு ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டு வந்தார். நானாவது சரிபார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

வியாழன் காலை ஐந்தரைக்கு, ஏர்போர்ட் போக அவர் செருப்பை மாட்டும்போது என் போனில் மெசேஜ். 'அக்கா, ப்ளேன் ஏறிட்டேன்.'

"அப்பா! இப்பதான் ஏறியிருக்கா!"

"நேத்தே ஏறிட்டாம்மா. மெசேஜ்தான் லேட்டு."

"அங்க நம்மள விட கிட்டத்தட்ட பத்து மணி நேரம் பின்னாடிப்பா. இப்பதான் அங்க புதன் ராத்திரி. சாயந்திரம் ஏழுக்குத்தான் இங்க இறங்குவா!"

"புதன்கிழமைதான் முடிஞ்சு போச்சேம்மா" என்றார் நிதானமாக.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொண்டேன். தங்கையின் டிக்கெட்டைப் போனில் காட்டிய பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றினார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நேரத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். "இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான். அவ்வளவு நாள் அந்த இதயம் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

பத்தரைக்கு அம்மா கேட்டாள். "வந்துட்டாளா?"

ப்ளேன் லேட் என்று பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார். "ப்ளேன் லேட் இல்ல. நான்தான் கணக்கத் தப்பா போட்டுட்டேன். ஏழு மணிக்குத்தான் வருவா."

அவர் தப்பென்று ஒப்புக்கொண்டதை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கோபம் போகவில்லை, ஆனால் திட்ட வாய் வரவில்லை.

 அம்மா என்னிடம் திரும்பினாள். "ஆபரேஷன் எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்மா."

"பதினொண்ணுக்கு உள்ள போனா மூணுக்கு வெளிய வந்துடுவேன். அவளுக்கு முன்னாடி நான் வந்துடுவேன், இல்ல?"

அப்பா இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சரியான கணக்குதாம்மா" என்றேன்.