விலைக்கு வாங்கிய கனவு

ஹேரினுக்கு எட்டாம் மாதம். கக்குவான் இருமல் ஊசியை இந்த வாரத்துக்குள் போட்டுவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காப்பு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுக் கைக்குழந்தை இருமி இருமி நீலம் பாரித்துப்போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள். ஊசிக்கு அவள் தயார்தான். மாமியார் மல்சுன் கண்ட கனவு வழியை மறித்துக்கொண்டு நின்றது.

புசான் நகரத்தில் பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் யாராவது ஒருவருக்கு, வரப்போகும் பிள்ளையைக் காட்டும் கருக்கனவு வந்தே ஆகவேண்டும். கண்டவருக்கு வீட்டில் மவுசும் கூடும். மல்சுன் கண்டது ஒரு பெரிய கெண்டை மீன். ஆற்றிலிருந்து துள்ளி நேராக அவள் மடியில் வந்து விழுந்ததாம்.

"மடியில விழுந்த மீனை ஊசியால குத்தலாமா? தூண்டில்ல மாட்டுன மீன் பொழச்சு நீ பாத்திருக்கியா?" என்றாள் மல்சுன், கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்கியபடி.

"டாக்டர் சொன்னாரு, அத்தை."

"டாக்டரா கனவு கண்டாரு?"

ஊசியைப் பற்றி வந்த கட்டுரைகளையெல்லாம் கரைத்துக் குடித்தவள் ஹேரின். ஆனாலும் அந்தத் தூண்டில் பேச்சு மனசுக்குள் புகுந்துகொண்டு கிளம்ப மாட்டேன் என்றது. பாழாய்ப்போன மனசு! இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், கல்யாணத்துக்கு வந்த பட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டு மாமியார் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்தக் கனவை எனக்கு வித்துடுங்க."

மல்சுன் கத்தியைக் கீழே வைத்தாள். கனவை விற்பது அங்கே வழக்கம்தான். பண்டத்தைக் கொடுத்து வாங்கிவிட்டால் கனவும் வாங்கியவருக்கு, பலனும் வாங்கியவருக்கு. விற்றவர் அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. சால்வையோ, பொதுக் குளியல் கூடத்துச் சிநேகிதிகள் வயிறெரிந்து சாகும்படியான சால்வை.

"நல்ல கனவு. லேசுல குடுத்துட முடியுமா?" என்று இழுத்தாள்.

"சால்வையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தாள். தோளில் போட்டு, கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பினாள். "சரி, எடுத்துக்கோ."

"எடுத்துக்கிட்டேன். என் மீனுக்கு ஊசி ஒண்ணும் பண்ணாது. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மாமியார் ஆடிப்போனாள். ஆனால் விற்றது விற்றதுதான்.

நர்ஸ் ஊசி போட்டு முடிக்கும்வரை மல்சுன் மருமகளின் மறுகையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து உட்கார்ந்ததும் சால்வை நுனியைத் திருக ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லணும். எனக்குக் கனவே வரல. குளிக்கப் போற இடத்துல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாளுங்க. மானம் போகுதேன்னு சொல்லி வச்சேன்."

"தெரியும் அத்தை. டிவி சீரியல்ல அந்த மீன் துள்ளினப்ப நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"தெரிஞ்சுமா சால்வையைக் குடுத்தே?"

ஹேரின் கையிலிருந்த பஞ்சை அழுத்திக்கொண்டாள்.

"பொய்யின்னு தெரியும். ஆனாலும் அது உங்ககிட்ட இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமா இருந்துச்சு."

மல்சுன் எழுந்து போய், பேரப்பிள்ளையைத் தூக்கப்போகிறவர்களுக்கும் அந்த ஊசி உண்டா என்று நர்ஸிடம் கேட்டாள்.