டப்பாவின் அடிச் சீட்டு

துப்பாக்கி சுடும் போட்டியில் மூன்றாவது சுற்றின் இலக்குத் தாளைக் கழகத்து ஓரின் கொண்டுவந்து கொடுத்தபோது வெர்னா ஹோகனுக்கு அதைக் கையில் வாங்கவே பிடிக்கவில்லை. முன்னூறு கஜ தூரத்தில் சுட்ட ஐந்து குண்டும் ஒரே துளையாக விழுந்திருக்க வேண்டும். விழுந்த லட்சணம் என்ன? ஒன்று மேலே, ஒன்று கீழே, மூன்று நடுவில், ஏணி வைத்த மாதிரி. இருபத்திரண்டு வருஷமாகச் சுடுகிறவள் இப்படி ஒரு தாளை எடுத்துக்கொண்டு யார் முகத்தில் விழிப்பது?

மற்ற நாளாக இருந்தால் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு ஒரு காப்பியைக் குடித்திருப்பாள். இன்றைக்கு அப்படி முடியாது. மொன்டானா அணியில் நாலு பேர். ஓரின் உட்பட மூன்று பேரை ஏற்கெனவே எடுத்தாயிற்று. நாலாவது ஆள் இன்று இந்தக் கோல்டர் க்ரீக் மைதானத்தில் ஐந்து சுற்றிலும் சேர்த்து யார் நெருக்கமாகச் சுடுகிறாரோ அவர். செப்டம்பரில் தேசியப் போட்டி. வெர்னா இரண்டு தடவை இந்த இடத்தை மயிரிழையில் விட்டவள். மூன்றாவது தடவை என்று ஒன்று இதற்கப்புறம் கிடையாது. பில்லிங்ஸ் நகரத்துக் கண் டாக்டர் போன குளிர்காலத்திலேயே சொல்லிவிட்டார்: வலது கண்ணின் விழித்திரை கெட்டுக்கொண்டு வருகிறது, ஊசி போட்டுத் தள்ளிப்போடலாம், அடுத்த கோடையில் குறிக்கம்பி தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதை அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். டெல் ராஸ்முசன். பக்கத்து மேசைக்காரன். பதினெட்டுக் குளிர்காலமாக அவள் கராஜில் ஒரே விளக்கின் கீழ் காலிக் கூடுகளில் வெடிமருந்து போட்டு அவளோடு தோட்டா அடைக்கிறவன். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை நூறு மைல் வண்டியோட்டி அவளைக் கண் ஊசிக்குக் கூட்டிப்போய், ஊசி போட்ட கண்ணில் கட்டோடு திரும்பக் கொண்டுவந்து விடுகிறவனும் அவனே.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்டுக் காரமாகக் காய்ச்சிய சில்லியைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு லாரிகளின் நிழலில் உட்கார்ந்தார்கள். டெல் வெர்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் தாளை ஒரு பார்வை பார்த்தான்.

"என்னம்மா இது, குண்டெல்லாம் படியேறிப் போகுது?"

"தெரியலைய்யா. துப்பாக்கிக் குழல் புதுசு. அதைத் தாங்குற மணல் மூட்டை அசையல. தராசை மூணு தடவை சரிபாத்துட்டேன். வெடிமருந்து மூணு வருஷமா அதே சரக்கு. என்ன கேடு வந்துச்சுன்னே புரியல."

டெல் கிண்ணத்தைக் கிளறினான். குரலை இறக்கினான்.

"கண்ணா இருக்கும், வெர்னா."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"டாக்டர் தேதி போட்டா குடுத்தாரு? மனசை விட்டுடாத. இருக்கற வரைக்கும் சுடு."

அவள் தலையாட்டினாள். யாரும் பார்க்காதபோது இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் காற்றுக் கொடிகளை எண்ணிப் பார்த்தாள். ஏழு. ஏழும் தெரிந்தது. ஆனாலும் நம்பிக்கை போய்விட்டது. கண் போய்விட்டது என்று நெருங்கினவன் சொன்ன பிறகு எந்தக் கண்ணை நம்புவது? நாலாவது சுற்றில் ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு தடவை குறி பார்த்துச் சுட்டாள். மறுபடியும் ஏணி. மொத்தத்தில் மூன்றாம் இடம். முதல் இடம் டெல்.

உண்மையில் அந்த ஏணியைப் பார்த்தவுடன் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். குண்டு பக்கவாட்டில் ஓடினால் காற்று. கண்டபடி சிதறினால் கண்ணோ கையோ. மேலும் கீழுமாக வரிசை கட்டினால் மருந்து. கழகத்துக்குப் புதிதாக வந்தவன்கூட இதை மூன்றே மாதத்தில் ஒப்பிப்பான். ஆனால் மருந்து அவளுடைய சொந்த டப்பா மருந்து. அதை எப்படிச் சந்தேகப்படுவாள்?

கோல்டர் க்ரீக்காரர்களுக்கு மருந்து விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதை அவர்கள் தூக்கத்திலும் மீறமாட்டார்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே டப்பாதான். தராசில் மருந்து கொட்டும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே சீட்டு. மருந்து ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால், முதலில் சரக்கு எண்ணும் தேதியும் எழுதின சீட்டு காலிப் பாத்திரத்தில் விழ வேண்டும். அப்புறம்தான் மருந்து. ஓரின் பன்னிரண்டு வருஷம் முன்னால் சீட்டு இல்லாத ஒரு குப்பியை நம்பித் தோட்டா அடைத்தான். துப்பாக்கி கையிலேயே வெடித்தது. இன்று அவன் இடது கையில் மூன்று விரல்தான். அந்தக் கையால்தான் அவன் போட்டித் தாள்களை விநியோகிக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே சீட்டு எழுத யாருக்குச் சோம்பல் வரும்?

ஒரே பெயருள்ள மருந்தானாலும் சரக்குக்குச் சரக்கு குணம் மாறும். வெர்னாவும் டெல்லும் மூன்று வருஷம் முன்னால் பதினேழாம் எண் சரக்கை ஆளுக்குப் பாதியாக வாங்கினார்கள். அதில் ஒரு டப்பாவை வெர்னா இந்தப் போட்டிக்கென்றே மிச்சம்பிடித்து வைத்திருந்தாள். பிப்ரவரியில் கராஜில் குழாய் வெடித்துத் தண்ணீர் புகுந்தபோது, "என் வீட்டு நிலவறை காஞ்ச எடம், குடு நான் வெச்சிருக்கேன்" என்று டெல்தான் வாங்கிப்போனான். நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தான். திறந்ததும் மேலாக அவள் கைப்பட எழுதிய மஞ்சள் சீட்டு கிடந்தது. பதினேழு. அதற்கு மேல் என்ன பார்ப்பது?

கடைசிச் சுற்றுக்கு முன்னால் தோட்டா அடைக்க உட்கார்ந்தபோது, மருந்து அளக்கும் கண்ணாடிக் குழலில் மருந்து குறைந்திருந்தது. டப்பாவில் மிச்சம் இருந்ததைக் கவிழ்த்துத் தட்டினாள். கடைசிப் பிடி மருந்தோடு ஒரு வெள்ளைச் சீட்டு விழுந்தது.

அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோனாள். பென்சில் எழுத்து. வலது பக்கம் சாய்ந்த, கொக்கி போட்ட எழுத்து. 'சரக்கு 41. பிப்ரவரி 20. வெர்னா டப்பா.'

நாற்பத்தொன்று டெல் போன வருஷம் வாங்கித் திட்டித் தீர்த்த சரக்கு. மந்தம், மெதுவா எரியுது, குண்டு ஏறி இறங்குது, தோட்டத்துக்கு உரமாத்தான் போடணும் என்றான். உரமாகப் போடவில்லை. இவள் டப்பாவில் போட்டு, மேலே இவளுடைய மஞ்சள் சீட்டை வைத்திருக்கிறான். திருட்டை மூளை செய்துவிட்டது, கை தன் பழக்கத்தை விடவில்லை. காலி டப்பாவைக் கண்டதும் அந்தக் கை சீட்டு எழுதி முதலில் உள்ளே போட்டுவிட்டது. அவனுக்கு அது நினைவில்கூட நின்றிருக்காது.

அடப்பாவி! அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. சீட்டை இன்னொரு தடவை படித்தாள்.

"டெல், இங்க வா."

"இரும்மா, தோட்டாக் கூடு துடைச்சிட்டிருக்கேன்."

"வான்னா வா."

வந்தான். அவள் சீட்டை மேசைமேல் வைத்தாள்.

"இது யாரு எழுத்து?"

டெல்லின் முகம் சுண்டிப்போனது. கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"வெர்னா, நான் சொல்றதக் கேளு..."

"யாரு எழுத்துன்னு கேட்டேன்."

"என்னோடதுதான்."

"என் பதினேழு எங்க?"

அவன் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே இருந்தது. காலையிலிருந்து அதைப் போட்டுத்தான் அவன் ஒரே துளையாகச் சுட்டுக்கொண்டிருந்தான்.

"என்னோட பங்கு போன வருஷமே தீந்துபோச்சு," என்றான். "ஆனா உனக்கு ஆபத்து வர்ற மாதிரி ஒண்ணும் பண்ணல. நாப்பத்தொண்ணு மந்தமான சரக்கு. உன் அளவுலயே அடைச்சு என் துப்பாக்கில முப்பது தடவை சுட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன். உன் மேல ஒரு கீறல் விழ விட்ருவேனா நான்?"

"முப்பது தடவையா?"

"முப்பது தடவை."

"அப்ப முப்பது தடவை யோசிச்சுத்தான் பண்ணியிருக்க. ஏதோ புத்தி கெட்டு ஒரு நிமிஷத்துல பண்ணிட்டேன்னு சொல்லக்கூட உனக்கு வழியில்ல."

அவன் குரலை இன்னும் தாழ்த்தினான். "எனக்கு அறுபத்தாறு ஆச்சு. நானும் ஒருதடவைகூடப் போனதில்ல. செப்டம்பர்ல உன் கண்ணு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? அங்க போய் உனக்குத் தெரியாமப் போயிட்டா அணியே தோத்துரும். அந்த எடம் வீணாப் போகக் கூடாதேன்னுதான்..."

"என் கண்ணு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னேன். ஊருல ஒருத்தருக்கும் சொல்லாம உன்கிட்ட சொன்னேன். அதை வெச்சே என் கழுத்தை அறுத்திருக்க." அவள் குரல் உடைந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "மருந்தை எடுத்தது கூடப் போகட்டும்யா. மத்தியானம் கிண்ணத்தைக் கையில வெச்சுக்கிட்டு, கண்ணா இருக்கும்னு சொன்னியே. அது எப்படிய்யா வாய் வந்துச்சு உனக்கு?"

டெல் விடுவிடென்று தன் மேசைக்குப் போய்ப் பதினேழாம் எண் டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான்.

"இந்தா. கடைசிச் சுத்து இதுல சுடு. உன்னோடதுதான். சத்தியமா பதினேழுதான்."

மூடியில் அவனுடைய சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு பிடி போதும். வெர்னா அந்த டப்பாவையே பார்த்தாள். கை நீளவில்லை.

"ஒரு டப்பால என்ன இருக்குன்னு நீ சொல்லி, நான் மறுபடி நம்பி, முகத்துக்கு நேரா வெச்சுச் சுடணும். இல்ல? எடுத்துக்கிட்டுப் போ."

"வெர்னா, பிடிவாதம் பிடிக்காத. சுத்துக்கு ஏழு நிமிஷம்தான் இருக்கு."

"உன்னை நம்ப மாட்டேன். இந்தச் சீட்டை நம்புவேன். பாவம், பொய் சொல்லத் தெரியாம அடியில கெடந்துச்சு. நாப்பத்தொண்ணுன்னா நாப்பத்தொண்ணுதான்."

சுற்று தொடங்கும் மணி அடித்தது. வெர்னா உட்கார்ந்தாள். நாற்பத்தொன்று மந்தம் என்று தெரிந்துவிட்ட பிறகு செய்ய வேண்டியதும் தெரிந்துவிட்டது. தராசில் துளித் துளியாக அளவைக் கூட்டினாள். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு குண்டைக் கணக்கில் சேராத சோதனை இலக்கில் சுட்டு, கூட்டை வெளியே எடுத்துப் பின்பக்கத்தில் மருந்தைப் பற்றவைக்கும் மூடியைத் தடவிப் பார்த்தாள். தட்டையாகியிருந்தால் அழுத்தம் மீறிவிட்டது என்று அர்த்தம், நிறுத்திவிட வேண்டும். ஆகவில்லை. இரண்டாவது கூட்டலில் ஏணி குட்டையானது. மூன்றாவதில் இரண்டு குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. அதே அளவில் ஐந்து தோட்டா அடைத்தாள். கொடிகள் தாழும் வரை காத்திருந்தாள். ஐந்தையும் மூச்சுவிடாமல் சுட்டாள்.

தொலைநோக்கியில் ஒரே ஒரு துளை தெரிந்தது. வெர்னா சிரித்தாள், கூடவே அழுதாள். கண் நன்றாக இருக்கிறது! பாழாய்ப்போன கண் நன்றாகத்தான் இருக்கிறது!

அன்றைய சுற்றுகளிலேயே அதுதான் மிகச் சிறிய துளை. ஆனாலும் முதல் நாலு தாள் நாலு தாள்தானே. கூட்டி வகுத்தபோது தாளின் தடிமன் அளவு வித்தியாசத்தில் டெல் முதல், வெர்னா இரண்டாவது. ஓரின் பெயரை வாசித்தான். கை தட்டினார்கள். அணியின் மற்ற இருவரும் டெல்லின் முதுகில் தட்டினார்கள்.

வெர்னா ஓரினிடம் போனாள். அவன்தான் அணித் தலைவன். செப்டம்பரில் நாலு பேரும் ஒரே மேசையில், ஒரே டப்பாவிலிருந்து தோட்டா அடைப்பார்கள். அவள் சீட்டை அவனுடைய மூன்று விரல் கையில் வைத்தாள்.

"இது இன்னிக்கு என் டப்பா அடியில இருந்துச்சு. மேல என் மஞ்சள் சீட்டு இருந்துச்சு. பதினேழுன்னு."

ஓரின் படித்தான். அந்த எழுத்தைக் கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். அணிக்காரர்கள் இருவரும் எட்டிப் படித்தார்கள். அந்த இருவரும் தத்தம் மேசைக்குப் போய்த் திறந்து கிடந்த மருந்து டப்பாக்களின் மூடியை இறுகத் திருகினார்கள்.

"சுட்ட தாளை மாத்த எனக்கு அதிகாரமில்ல," என்றான் ஓரின், டெல்லைப் பார்க்காமல். "எடம் உனக்குத்தான், டெல். ஆனா உன் மருந்தை நீ தனி மேசையில அடைச்சுக்க."

வெர்னா துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, நாற்பத்தொன்றின் மிச்சத்தைக் கழகத்துப் புல்வெளியில் தூவிவிட்டு, லாரிக் கதவைத் திறந்தாள். டெல் பின்னாலேயே வந்தான். தொப்பி கையில் இருந்தது.

"வெர்னா. வியாழக்கிழமை ஊசி இருக்கே. எப்பவும்போல ஏழு மணிக்கு வந்துரட்டுமா?"

அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். ஒரு கணம் பழக்கதோஷத்தில் சரி என்று சொல்ல வாய் வந்தது.

"வேண்டாம்," என்றாள். "பஸ்ஸுல போய்க்கறேன். கண்ணுல கட்டோட நின்னாலும் எந்த பஸ்ஸுன்னு யாராவது சொல்லுவாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க யாராவது."