சுங்கத்திட்டின் உள்கதவு

காக்கா சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

ரஹ்மத் பீவி இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் ஜமாலுதீனுக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். அவர் அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாளைக்கிக் காலையில கொத்தனாரு காத்தவராயன் வர்றான். அந்தக் கதவ எடுத்துட்டுச் செங்கல் வச்சிடலாம்."

அது பக்கத்து வீட்டுக்குப் போகும் கதவு. கடலூர் பழைய பட்டினத்துக்கு எதிரே, உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் சுங்கத்திட்டில் ஒரே தெரு. பாய்மரக் கப்பல் வைத்திருந்த மரக்காயர்கள் பர்மாத் தேக்கு இறக்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய மாடி வீடுகள். ஒவ்வொரு அடுப்படியிலும் ஓர் உள்கதவு உண்டு. சுங்கச் சாவடியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நின்ற நாளில், பெண்கள் தெருவில் இறங்காமலே கடைசி வீடு வரை போய்வருவதற்காக வைத்த கதவுகள். சிப்பாய்கள் போய், சாவடியில் ஆடு கட்டும் காலம் வந்த பிறகும் கதவுகள் இருந்தன. நிக்காஹ் முடிந்த பெண் அவற்றின் வழியாகத்தான் வீடு வீடாகப் போவாள். ஒவ்வொரு வீட்டிலும் வாயில் சர்க்கரை போடுவார்கள். தன் நிக்காஹ் அன்று ரஹ்மத் பீவிக்குப் பாதி வழியிலேயே திகட்டிவிட்டது. மீதியைக் கையில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இங்கே வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு தோணியில் வந்து இறங்குவார். அதனால் திட்டில் வீடு விலைக்கு வந்ததே இல்லை. பக்கத்து வீட்டுச் சுல்தானாவுக்குப் பிறந்தது அத்தனையும் ஆண். நேரு இறந்த வருடம் அவள் வீட்டை விற்றுவிட்டு மூத்தவனோடு சென்னைக்குப் போனாள். வாங்கியவர் முந்திரி வியாபாரி கலியமூர்த்தி. சிதம்பரத்திலிருந்து மனைவி பட்டம்மாளோடு வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே உள்கதவு திறந்தது. மீன் பொரித்துக்கொண்டிருந்த ரஹ்மத் பீவி திரும்பிப் பார்த்தால், இரண்டு கையிலும் ஜாடியோடு ஒரு பெண்.

"அய்யய்யோ! அலமாரின்னு நெனச்சிட்டேங்க. ஊறுகா வைக்கலாம்னு..."

"வைங்க, வைங்க. எங்களுக்கும் தொட்டுக்க ஆச்சு."

"என்னா மீனுங்க, வஞ்சிரமா? சிதம்பரத்துல இந்த வாசனைக்கே காசு கேப்பான்."

மறுநாளிலிருந்து பட்டம்மாள் தட்டிவிட்டுத்தான் வந்தாள். சுல்தானா ஒருநாளும் தட்டியதில்லை, நேரே வந்து சட்டி மூடியைத் திறந்து, "இதான் இன்னிக்கா?" என்பாள். தட்டும் ஓசை கேட்டதும் தனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காருவதை ரஹ்மத் பீவி கவனித்தாள். ஒருத்தி தன்னிடம் கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறாள். இத்தனை வருடம் வாழ்ந்த வீடு, அந்தத் தட்டலில்தான் தன்னுடையதாகக் கேட்டது.

கடைசி வீட்டு ஆசியா உம்மாளுக்குக் கண் மங்கல், மறதியும் ஜாஸ்தி. வழக்கம்போலச் சுவரைத் தடவிக்கொண்டு வந்து பட்டம்மாளின் அடுப்படியில் உட்கார்ந்து, "சுல்தானா, இன்னிக்கித்தான்டி ஒனக்கு ரசம் வந்திருக்கு" என்றாளாம். பட்டம்மாள் திருத்தவில்லை. இன்னொரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

"கலியமூர்த்தி நல்ல மனுஷன்தான், நான் இல்லேங்கல," என்றார் அண்ணன். "ஆனா அந்தப் பக்கம் ஆம்பளைங்க, வேலையாளுங்க. அவரே அடைச்சா சரிங்கிறாரு."

"பட்டம்மா என்ன சொல்றாங்க?"

"அவுங்கள யாரு கேட்டா?"

"ராவுல தாழ்ப்பா நம்ம பக்கந்தானே காக்கா? அடைச்சிட்டா ஆசியா மாமி எப்புடி வருவாங்க?"

"தெருவால வரட்டும். இப்ப என்ன, சிப்பாயா நிக்கிறான்?"

"சிப்பாயே இல்லேன்னா சொவரு எதுக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒனக்கு நாக்கு நீளமாயிடுச்சு. ஒம் மாப்பிள பினாங்குலேருந்து வந்தா என்னத்தான் கேப்பாரு."

தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று அவர் சுற்றிலும் தேடினார். முக்காலி சன்னல் பக்கம் போய்ப் பல மாதம் ஆகிறது. இந்த வீட்டில் பிறந்தவர்தான். கல்யாணமான நாளிலிருந்து இதே தெருவில் மனைவி வீட்டில் இருக்கிறார். இங்கே அவர் விருந்தாளி. ரஹ்மத் பீவிக்கு அது எப்போதும் தெரியும். தெரிந்தேதான், பெற்ற உம்மா இறந்த பிறகு, அவர் சொன்னதற்கெல்லாம் சந்தோஷமாகத் தலையாட்டி வந்தாள். இப்போது தலை ஆட மறுக்கிறது. ஆனாலும் அவர்மேல் துளி கோபம் இல்லை. இரண்டும் ஒன்றாக ஒருத்திக்குள் இருக்க முடியுமா என்று வியந்தபடி கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. வழக்கமாக அந்த நேரத்தில் உள்கதவுகள் எல்லாம் திறக்கும். கடற்காற்று கடைசி வீட்டில் நுழைந்து, ஒவ்வொரு அடுப்படியின் வாசனையையும் எடுத்துக்கொண்டு தெரு முழுக்கப் போகும். இன்றைக்கு அதில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது.

அண்ணன் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். "அப்ப காத்தவராயன வரச்சொல்லவா?"

"வரட்டும் காக்கா. மாடியில தளம் ஒழுகுது, அத பாக்கட்டும்."

"கதவு?"

திறந்திருந்த கதவின் பலகையில் மெல்ல இரண்டு தட்டு விழுந்தது.

"கதவு இருக்கட்டும் காக்கா," என்றாள் ரஹ்மத் பீவி. பிறகு திரும்பி, "வாங்க" என்றாள்.